மீதமான ஒரு மில்லி எங்கே போகிறது?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஐ.சி.யு.வில் இன்சார்ஜ் சிஸ்டராக இருக்கிறேன். நன்றாக வேலை பார்த்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் சில மாதங்களாகச் சோர்ந்து தெரிகிறார். ஃபென்டனில் (கடும் வலிக்குப் போடும், போதைப் பழக்கம் தரக்கூடிய ஊசி மருந்து) ஆம்பூல் உடைந்ததாகக் கணக்கு வருவதும் அவர் டியூட்டியில்தான். அதை எடுத்துத் தனக்கே போட்டுக்கொள்கிறாரோ என்று சந்தேகம். கூப்பிட்டு நேரடியாகக் கேட்டுவிடலாமா?

பதில்: தனியாகக் கேட்காதீர்கள், சிஸ்டர். சோர்வுக்குத் தொடர் நைட் டியூட்டி, ரத்தசோகை, தைராய்டு, வீட்டுக் கவலை என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். முதலில் நார்கோட்டிக் ரெஜிஸ்டரை, அதாவது போதை தரும் மருந்துகளின் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள்.

2 மில்லி ஃபென்டனில் ஆம்பூலில் 100 மைக்ரோகிராம் இருக்கிறது. டாக்டர் 50 எழுதினால் 1 மில்லி மீதம். அதை இன்னொருவர் கண்ணெதிரே கொட்டிவிட்டு இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால், “கொட்டிட்டேன், ஒரு சைன் போடுங்க சிஸ்டர்” என்று ரெஜிஸ்டரை நீட்டினால் வேலை அவசரத்தில் பார்க்காமலே போட்டுவிடுகிறோம். மருந்து வெளியே போக வழி அங்கேதான் திறக்கிறது.

நர்சிங் சூப்பரின்டென்டன்ட்டிடம் மட்டும் சொல்லி, இரண்டு மாத நார்கோட்டிக் ரெஜிஸ்டர், டிரக் சார்ட், வலி ஸ்கோர், டியூட்டி ரோஸ்டர் நான்கையும் ஒன்றாக வைத்துச் சரிபாருங்கள். ஊசி போட்டதாக எழுதியும் வலி குறையாத நோயாளி, ஸ்கேனுக்குப் போயிருந்த நேரத்தில் பதிவான டோஸ், அடுத்தவர் நோயாளிக்குத் தானாக முன்வந்து போட்ட ஊசி ஆகியவற்றைக் குறியுங்கள். மற்ற நர்சுகளின் கணக்கோடும் ஒப்பிடுங்கள். மோசமான கேஸ்களே அவருக்கு வந்திருந்தால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும்.

உடலிலும் தடயம் உண்டு. மருந்தைத் தனக்கே போட்டிருக்கும்போது கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். மருந்து கிடைக்காத வேளையில் மூக்கொழுகும், கொட்டாவி வரும், வியர்க்கும், உடம்பு புல்லரிக்கும்.

டியூட்டியில் தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ இந்தச் சரிபார்ப்புக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. நோயாளிகளையும் நார்கோட்டிக் அலமாரிச் சாவியையும் வேறொருவரிடம் ஒப்படைத்து, அவரை எமர்ஜென்சிக்கு அழைத்துச்சென்று மூச்சு, ஆக்சிஜன், சர்க்கரை மூன்றையும் பாருங்கள். ஃபென்டனிலின் விளைவை முறிக்கும் நலோக்சோன் கைவசம் இருக்கட்டும்.

சிறுநீர்ப் பரிசோதனையில் ஒரு பொறி இருக்கிறது. வழக்கமான ஓபியேட் ஸ்ட்ரிப் (அபின் வகை மருந்தைக் கண்டறியும் பட்டை) மார்ஃபினைக் காட்டும்; ஃபென்டனில், டிரமடால், பென்டசோசின் ஆகிய வலி மருந்துகள் அதில் தெரியாது. எந்த மருந்து என்று சொல்லித் தனி டெஸ்ட் கேளுங்கள்.

பேசும் நாளில் சூப்பரின்டென்டன்ட்டும் மனநல மருத்துவரும் உடனிருக்கட்டும். தேதி, நேரம், அளவு இவற்றை மட்டும் முன்வையுங்கள். திட்டவோ வாக்குமூலம் வாங்கவோ வேண்டாம். அன்று அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பவே கூடாது. விஷயம் வெளிப்பட்ட அந்தச் சில மணி நேரத்தில் தற்கொலை அபாயம் அதிகம். எந்த மருந்து எவ்வளவு என்பதும் அவருக்கு அத்துப்படி. வீட்டார் வரும்வரை ஒருவர் கூடவே இருக்க வேண்டும். மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, போதை மீட்பு உதவி எண் 14446 இரண்டையும் அவர்களிடம் கொடுங்கள்.

சத்தமில்லாமல் ராஜினாமா வாங்கி அனுப்புவதை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். அடுத்த மருத்துவமனையில் அதே சாவி அவர் கைக்கு வரும், சிகிச்சை மட்டும் கிடைக்காது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுப்பவருக்கு, பயன்படுத்திய குற்றத்திலும் சிறிய அளவு வழக்குகளிலும் பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அது பறிபோகலாம். இதை அவரிடம் பேசும்போதே சொல்லுங்கள். பொய்ப் பதிவு பற்றிய விசாரணை வேறு. அதற்கு வழக்கறிஞர் ஆலோசனை தேவை.

மருந்தை எடுத்துவிட்டு ஆம்பூலிலோ சிரிஞ்சிலோ சலைன் நிரப்பிய சந்தேகம் இருந்தால் தொற்றுத் தடுப்புக் குழுவுக்கு உடனே சொல்லுங்கள். அவர் பயன்படுத்திய ஊசி வழியே தொற்று பரவியிருக்கலாம் என்பதால் அந்த நோயாளிகளுக்கு ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை தேவைப்படும்.

அவர் வேலைக்குத் திரும்பும்போது நார்கோட்டிக் சாவியும் நைட் டியூட்டியும் இல்லாத வார்டு கொடுங்கள். முன்னறிவிப்பில்லாத சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கொட்டுவதைப் பார்த்த பிறகே கையெழுத்து என்ற விதியை மட்டும் இன்றைய ஹேண்டோவரிலிருந்தே எல்லோருக்கும் கொண்டுவாருங்கள்.