சாய்ந்துபோகும் பொம்மைச் சோபாவும் ‘நாங்களே வாங்கிக்கொள்கிறோம்’ என்பவரும்

கேள்வி: என் ஒன்பது வயது மகளின் பொம்மை வீட்டுக்காக ஃபெல்ட் துணி, பழைய அட்டைப் பெட்டி, திருப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவரும் பனியன் வெட்டுத்துணி ஆகியவற்றைக் கொண்டு சோபா, கட்டில், நாற்காலி செய்து வருகிறேன். செய்த அன்று அழகாக இருக்கும் சோபாவின் முதுகு, பதினைந்து நாளில் பின்னால் சாய்ந்துவிடுகிறது. ஓரங்களும் ஒட்டு விடுகின்றன. காணொளியில் கூறும் அளவில்தான் வெட்டுகிறேன் என்றாலும் பொம்மை அதில் பொருந்தி உட்காருவதில்லை. இதற்கிடையே ஈரோட்டில் ஒருவர், 8,500 ரூபாய் முன்பணம் கட்டினால் இறக்குமதிக் கம்பளி ஃபெல்ட் அடங்கிய பெட்டியைத் தருவதாகவும், செய்து முடித்த பொருள்களைத் தாமே வாங்கிக்கொள்வதாகவும், ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் நானாக விற்றால் குற்றம் என்றும் கூறுகிறார். பணம் கட்டலாமா? (வாசகி, கோபிசெட்டிபாளையம் வட்டாரம்)

பதில்: பணத்தைக் கட்ட வேண்டாம். இதை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களைப் பின்னால் விரிக்கிறேன். உங்கள் சோபா சாய்வதற்கும் நீங்கள் வைத்திருக்கும் ஃபெல்ட்டின் தரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அப்படியொரு தொடர்பு இருப்பதாக உங்களை நம்ப வைப்பதில்தான் அந்தப் பெட்டியின் வியாபாரமே நிற்கிறது.

பொம்மை பொருந்தாததற்குக் காரணம் அளவு விகிதம். வெளிநாட்டுக் காணொளிகளில் பெரும்பாலும் பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற கணக்கைப் பின்பற்றுவார்கள். அதாவது நம் வீட்டில் ஓர் அடி இருப்பது பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். உங்கள் மகளிடம் இருப்பது கடைகளில் பரவலாகக் கிடைக்கும், ஏறத்தாழ 11½ அங்குல உயரமுள்ள பொம்மை என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குரிய கணக்கு ஆறில் ஒரு பங்கு, அதாவது அடிக்கு இரண்டு அங்குலம். நாம் உட்காரும் நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து சுமார் 18 அங்குல உயரத்தில் இருக்கிறது. காணொளியின் கணக்கில் அது ஒன்றரை அங்குலம், உங்கள் பொம்மைக்கோ மூன்று அங்குலம். ஒன்றரை அங்குல இருக்கையில் அந்தப் பொம்மையை உட்கார வைத்தால் அது மணைப் பலகையில் குந்தியிருப்பது போலத்தான் தோன்றும். கணக்கே வேண்டாமென்றால், பொம்மையின் குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, அதையே இருக்கையின் உயரமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காணொளியையும் விட இது நம்பகமானது.

ஆனால் நீள அகலத்தை இரட்டிப்பாக்கும்போது ஃபெல்ட்டின் தடிமனை இரட்டிப்பாக்கிவிடாதீர்கள். உங்கள் கணக்கில் 1 மில்லிமீட்டர் ஃபெல்ட், நிஜ வீட்டில் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள துணிக்குச் சமம். சோபா உறைக்கு அதுவே தாராளம். அதே இடத்தில் 3 மில்லிமீட்டர் ஃபெல்ட்டைப் போட்டால் 18 மில்லிமீட்டர் ஆகிவிடும். மெத்தைக்கும் ஜமுக்காளத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்றைச் சோபாவுக்குப் போர்த்தியது போல மூலைகள் உருண்டு நிற்கும்.

இனி சாய்வதைப் பற்றி. ஃபெல்ட் நெய்த துணி அன்று. இழைகளைத் தறியில் ஓட்டாமல் ஒன்றோடொன்று சிக்கவைத்துத் தகடாக ஆக்கியது என்பதால்தான் அதன் ஓரம் நூல் நூலாகப் பிரிவதில்லை. மடித்துத் தைக்காமலே, இரண்டு ஓரங்களை முட்டவைத்து ஒட்டலாம். அந்த வசதிக்கு விலையாக அதற்கு எலும்பு கிடையாது. ஃபெவிகாலையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து இருபுறமும் தடவிக் காயவைத்தால் விறைத்து நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் ஐப்பசி ஈரத்தில் அந்த விறைப்பு கொஞ்சம் இளகிவிடும். எனவே எடையை அட்டை தாங்க வேண்டும். ஃபெல்ட் அதன்மேல் தோலாக மட்டுமே இருக்க வேண்டும்.

சாமான் வரும் அட்டைப் பெட்டியைக் கிழித்துப் பார்த்தால் இரு தாள்களுக்கு நடுவே அலையலையாக இன்னொரு தாள் ஓடுவதைக் காண்பீர்கள். அந்த அலைகளின் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் அட்டைக்கு வலு. குறுக்கே அது நோட்டுப் புத்தகம் போல மடங்கும். முதுகுப் பலகையை வெட்டும்போது கோடுகள் மேலிருந்து கீழாக நிற்க வேண்டும். உங்கள் பலகையில் அவை படுக்கைவாக்கில் ஓடுகின்றன என்றே ஊகிக்கிறேன். இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் இருக்கக்கூடும்: இருக்கைப் பெட்டியைச் செய்து முடித்துவிட்டு, அதன்மேல் முதுகை நிறுத்தி ஒட்டியிருப்பீர்கள். அப்படி ஒட்டினால் மொத்தச் சாய்மானத்தையும் ஓர் அட்டையின் விளிம்பு மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது. தச்சர்கள் பெரும்பாலும் நாற்காலியின் பின்கால்களையும் முதுகையும் ஒரே மரமாகத் தரையிலிருந்து எழுப்புவார்களே தவிர, பலகையின்மேல் முதுகை வெறுமனே ஒட்டி நிறுத்த மாட்டார்கள். உங்கள் முதுகுப் பலகையும் தரையிலிருந்து எழ வேண்டும். இருக்கைப் பெட்டி அதன் முன்பக்கத்தில் முழு முகமாக ஒட்டிக்கொள்ள வேண்டும். இரு கைப்பலகைகளும் அதைப் பக்கவாட்டில் கவ்விப் பிடிக்க வேண்டும். பெட்டிக்குள் இரண்டு குறுக்கு அட்டைகளை நிறுத்திவிட்டால், குழந்தை பொம்மையை அழுத்தி உட்காரவைக்கும்போது நடு இருக்கை பள்ளமாகாது.

அட்டை வளைவது தனிச் சிக்கல். ஈரப்பசை காயும்போது சுருங்கும்; ஒருபுறம் மட்டும் பசை பூசிய அட்டையை அது தன் பக்கமாக இழுக்கும். புத்தகம் கட்டுபவர்கள் அட்டையின் மறுபுறமும் ஒரு தாளை ஒட்டுவதற்கு இதுவே காரணம். நீங்களும் உறையிட்ட பலகையின் மறுபுறத்தில் ஒரு செய்தித்தாள் துண்டை ஒட்டி, பாரம் வைத்து இரவு முழுவதும் விட்டுவிடுங்கள்.

ஓரம் ஒட்டு விடுவது பெரும்பாலும் பசையை ஃபெல்ட்டில் தடவுவதால் நேர்கிறது. ஃபெல்ட் பசையை உறிஞ்சிக்கொள்ளும். வெளிப்பக்கம் கறையாகத் தெரியும். ஒட்ட வேண்டிய இடத்தில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. பசையை அட்டையில் மெல்லியதாகத் தடவி, கையில் லேசாகப் பிசுபிசுக்கும் வரை பொறுத்து, பிறகு ஃபெல்ட்டைப் பதியுங்கள். குழந்தையின் கை அதிகம் படும் முன்விளிம்பில் மட்டும், காஜா எடுப்பது போன்ற விளிம்புத் தையலை ஓட்டிவிடுவது நல்லது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நொடியில் ஒட்டும் பசையைப் பருத்தித் துணிக்கும் கம்பளிக்கும் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். சயனோஅக்ரிலேட் எனப்படும் அந்தப் பசை பருத்தி இழையில் ஊறியதும் மிக வேகமாக இறுகி, கடும் வெப்பத்தை வெளியிடும். புகை வரும், தோல் வெந்துவிடும். என் பயிற்சி வகுப்பில் ஒருவர் பனியன் துணியை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பசையை ஊற்றியதை நேரில் கண்டிருக்கிறேன். அவர் அணிந்திருந்ததும் பருத்திச் சேலை. காணொளிகளில் இந்த எச்சரிக்கையைக் காண்பது அரிது, ஏனெனில் அங்கே அவசரம்தான் சரக்கு.

பனியன் வெட்டுத்துணியைச் சோபா உறையாக்க வேண்டாம். அது பின்னல் துணி. வெட்டிய ஓரம் சுருளும், அகலவாக்கில் இழுபட்டுத் தொளதொளக்கும். ஆனால் அதை அரை விரல் அகல நாடாக்களாக வெட்டி இழுத்தால் தானே சுருண்டு தடித்த நூல் போலாகும். ஓர் அட்டையின் இரு முனைகளிலும் அரை சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டுக் கொடுத்துத் தையல் நூலை நீளவாக்கில் பாவாகக் கட்டி, இந்த நாடாக்களை வண்ணம் மாற்றி மாற்றிக் குறுக்கே ஊடையாகக் கோத்து நெருக்கினால், பவானி ஜமுக்காளத்தின் பட்டைகளை ஏறக்குறையக் கொண்டுவந்துவிடலாம். உங்கள் மகளே செய்யக்கூடிய வேலை இது. சோபாவை விட அதுதான் அந்த வீட்டுக்கு அழகு என்பது என் தனிப்பட்ட எண்ணம். சோளத்தட்டையில் வண்டி செய்து விளையாடிய வட்டாரத்தில் பொம்மை வீடு மட்டும் ஏன் சோபாவோடு நின்றுவிட வேண்டும்? மூங்கில் குச்சியும் முறுக்கு நூலும் இருந்தால் கயிற்றுக் கட்டில் ஒரு மாலை வேலை.

இப்போது அந்தப் பெட்டிக்கு வருவோம். கம்பளி ஃபெல்ட் என்று அவர் நீட்டும் துண்டிலிருந்து நகக்கண் அளவு வெட்டி, வாசலில் ஒரு தட்டின்மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளியாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வரும். சாம்பல் விரலில் நொறுங்கும். உருகிச் சொட்டி, ஆறியதும் கடினமான மணியாக இறுகினால் அது பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை. எழுதுபொருள் கடைகளில் தாளாக விற்பதும் பெரும்பாலும் அதுவேதான். பொம்மை வீட்டுக்கு அது தாழ்ந்த பொருளும் அன்று. பூச்சி அரிக்காது என்ற வகையில் மேலானதுகூட. எனவே அவருடையது போலியானால் நீங்கள் ஏமாந்தீர்கள். உண்மையான கம்பளியானாலும் தேவையில்லாததற்குப் பணம் கொடுத்தீர்கள்.

பெட்டியை விடவும் மோசமானது ‘நாங்களே வாங்கிக்கொள்கிறோம்’ என்ற வாக்கு. கொங்கு நாட்டில் இருந்துகொண்டு இதை நான் விளக்க வேண்டியிருப்பதே வருத்தம். முன்பணம் வாங்கிக்கொண்டு ஈமுக் குஞ்சு கொடுத்து, வளர்த்தால் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று பெருந்துறைப் பக்கம் பரவிய திட்டங்கள் 2012-இல் சரிந்தபோது எத்தனை குடும்பங்கள் தோட்டத்தில் பறவைகளோடு நின்றன என்பதும், வழக்குகள் எத்தனை ஆண்டுகள் இழுத்தன என்பதும் உங்கள் ஊரிலேயே தெரிந்திருக்கும். ஈமுவின் இடத்தில் இப்போது ஊதுபத்தி, காகிதப் பை, பொம்மை என்று சரக்கு மட்டும் மாறுகிறது. நீங்கள் செய்துகொடுக்கும் முதல் தவணைப் பொருள்களை வாங்கிக்கொள்வார்கள். இரண்டாவதில் தையல் சரியில்லை என்பார்கள். மூன்றாவதற்குக் கடைக்குப் போனால் பூட்டு தொங்கும். உங்கள் வேலையை வாங்க உண்மையாகவே ஆள் இருந்தால், அவர் உங்களுக்குப் பணம் தருவாரே அன்றி உங்களிடம் பணம் கேட்க மாட்டார்.

ஐ.எஸ்.ஐ. பற்றி அவர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் அது ஆபத்தானது. 2020-இல் வெளியான பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுக்கென்று செய்து விற்கும் பொருளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமமும் முத்திரையும் வேண்டும் என்று அது கூறுகிறது. உங்கள் மகளுக்காக நீங்கள் செய்வதை இது தொடாது. விற்பதென்றால், 2020 டிசம்பரில் வந்த திருத்தத்தை அந்த மனிதர் உங்களிடம் சொல்லவில்லை: கைவினைப் பொருள்களுக்கான மத்திய அரசின் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தயாரித்து விற்கும் பொம்மைகளுக்கு இந்த ஆணை பொருந்தாது. இதைச் சரியாகப் பிரித்துப் படிக்க வேண்டும். கையால் செய்தது என்பதாலேயே விலக்கு வந்துவிடாது, பதிவு வேண்டும். பதிவும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். உங்கள் கணவர் பெயரிலோ, பயிற்சி கொடுத்தவர் பெயரிலோ இருந்தால் பயனில்லை. அடுத்து, விலக்கின் வாசகம் கைவினைஞரால் ‘தயாரிக்கப்பட்டு விற்கப்படும்’ பொருளைப் பற்றியே பேசுகிறது. இரண்டு சொற்களும் சேர்ந்து நிற்கின்றன. நீங்கள் செய்து, வேறொருவர் தம் பெயரில், தம் பெட்டியில் போட்டு விற்கும் சோபாவுக்கு அந்த நிழல் விழும் என்று என்னால் படிக்க முடியவில்லை. ஆக, நீங்களாக விற்றால் குற்றம், என் வழியாக விற்றால் பத்திரம் என்று அவர் கூறுவது நிலைமையைத் தலைகீழாக்குவது. பதிவுக்கும் அடையாள அட்டைக்கும் கைவினைத் துறை அலுவலகத்தையே நேரில் அணுகுங்கள். நடுவில் ஆள் வேண்டாம்.

இவ்வளவையும் ஒரு தமிழ்த் துண்டறிக்கையில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கலாம். ஆணை அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. ஆலை வைத்திருப்பவர் வழக்கறிஞரை வைத்துப் படித்துக்கொள்கிறார். ஊசியும் கத்தரிக்கோலும் வைத்திருப்பவருக்கு அதைப் படித்துச் சொல்ல வருபவர் முன்பணம் கேட்கிறார். இந்த ஏற்பாட்டைக் குறை சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

வீட்டுக்கு மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் வருவதாக இருந்தால், பொம்மைத் தலையணை, பாட்டில் மூடிக் கிண்ணம் போன்றவற்றை எட்டாத இடத்தில் எடுத்து வையுங்கள். பொம்மைத் தரநிலையில் சிறு பாகங்களைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், உங்கள் பொருள்களில் பல அதற்குள் போய்விடும்.

இருக்கும் சோபாவைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அதன் முதுகுக்குப் பின்னால், தரையிலிருந்து உச்சி வரை எட்டும் ஒரே அட்டையை, கோடுகள் நின்றவாக்கில் இருக்கும்படி வெட்டி, இருக்கைப் பெட்டியின் பின்முகத்திலும் பழைய முதுகிலும் சேர்த்து ஒட்டுங்கள்; வெளியே தெரியும் புறத்துக்கு ஒரு மெல்லிய ஃபெல்ட்டைப் போடுங்கள். சோபாவை மல்லாத்தி, மகளின் நோட்டுப் புத்தகங்களை அதன்மேல் பாரமாக வைத்து, மறுநாள் காலை வரை யாரையும் தொடவிடாதீர்கள்.