ஒரே கிளிப் இரண்டு முறை உடைந்தால் அது கைத்தவறா?

கேள்வி: 14 மாதம் முன்னால் ஆன்லைனில் 24,900 ரூபாய்க்கு வயர் இல்லாத வேக்குவம் கிளீனர் வாங்கினேன். மெஷினுக்கு 2 வருட வாரண்டி, பேட்டரிக்கு மட்டும் 6 மாதம். 45 நிமிடம் ஓடும் என்று பெட்டியில் போட்டிருந்தது, இப்போது ஆறே நிமிடத்தில் நின்றுவிடுகிறது. குப்பை டப்பாவின் மூடியைப் பிடிக்கும் கிளிப் 5-ஆம் மாதம் உடைந்து மாற்றிக் கொடுத்தார்கள், 11-ஆம் மாதம் அதே இடத்தில் மறுபடி உடைந்தது. இந்தத் தடவை 'கைத்தவறு, வாரண்டியில் வராது' என்கிறார்கள். கேஸ் போடலாமா? (கோவை வாசகி)

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், கிளிப்பை எடுத்துக்கொண்டு போங்கள்.

லித்தியம் அயன் பேட்டரி சார்ஜ் போட்டுப் போட்டுத் தேய்கிற பொருள். 6 மாதம் என்று கார்டிலேயே அச்சடித்திருப்பதால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு நகராது. அந்த 45 நிமிடத்துக்குக் கீழே பொடி எழுத்தில் 'குறைந்த வேகத்தில், மோட்டார் பிரஷ் மாட்டாமல்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். அப்புறம் இன்னொன்று: கோலமாவு, விபூதி எல்லாம் இழுத்தால் ஃபில்டர் அடைத்துக்கொண்டு மெஷின் விட்டுவிட்டு ஓடும். ஃபில்டரைக் கழுவி, நன்றாகக் காயவைத்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள், உங்களிடம் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

கிளிப் கதை வேறு. டப்பாவைக் கொட்டும்போதெல்லாம் அழுத்தித்தான் ஆகவேண்டிய ஒரு பிளாஸ்டிக் துண்டு, ஆறு மாத இடைவெளியில் ஒரே இடத்தில் இரண்டு முறை ஒடிகிறது என்றால் அதைக் கைத்தவறு என்று சொல்ல முடியுமா? முதல் தடவை காசு வாங்காமல் மாற்றினார்கள் அல்லவா, அப்போது சர்வீஸ் சென்டரில் எழுதிக் கொடுத்த ஜாப் ஷீட்தான் (வேலைச் சீட்டு) உங்கள் துருப்புச்சீட்டு. அன்று வாரண்டியில் வந்த அதே உடைப்பு இன்று எப்படி வராமல் போனது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(10) பிரிவில் 'குறைபாடு' என்பதன் பொருள் ரொம்ப அகலமானது. ஒப்பந்தப்படியோ விற்பவர் சொன்னபடியோ இருக்கவேண்டிய தரத்தில் எந்தக் குறை இருந்தாலும் அதில் அடங்கும். ஒரு எச்சரிக்கை. இணையத்தில் படித்துவிட்டு 'வடிவமைப்புக் குறை, தயாரிப்புப் பொறுப்பு' அத்தியாயத்தின் கீழ் போடுகிறேன் என்று பலர் கிளம்புகிறார்கள். அது பொருளால் மனிதருக்கோ வேறு உடைமைக்கோ கேடு வந்தால்தான். பொருளே கெட்டுப்போவதை அந்த 'கேடு' என்ற சொல்லில் சட்டம் சேர்க்கவில்லை. உங்களுக்கு வேண்டியது 39-ஆம் பிரிவு: குறையைச் சரிசெய், வேறு பொருள் கொடு, இல்லை பணத்தைத் திருப்பிக் கொடு.

முதலில் வாங்கிய தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும், விதி அப்படி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தயாரிப்பாளர், விற்பனையாளர் இருவரையும் சேர்த்து கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். அவர்கள் ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும் சரி, நீங்கள் குடியிருக்கும் ஊரில் போடச் சட்டம் இடம் தருகிறது. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை (வக்கீலான நானே சொல்கிறேன்). பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம் கெடு, உங்களுக்கு நேரம் இருக்கிறது. வழக்கை முடிக்க, ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதம், இல்லையென்றால் 3 மாதம் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மன உளைச்சலுக்கு 5 லட்சம் என்றெல்லாம் கேட்காதீர்கள், விலையும் செலவும் நியாயமான ஒரு தொகையும் போதும். உடைந்த கிளிப்பை ஃபெவிக்விக் போட்டு ஒட்டிவிடாதீர்கள். துண்டுகளை அப்படியே ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.