தூக்கம் குறைந்தால் புற்றுநோய் வருமா? சிஸ்டரிடம் கேட்டவை

"ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் புற்றுநோய்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியதும், நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்னிடம் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சிஸ்டர், என் வீட்டுக்காரர் விடியற்காலை ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறார். ஐந்தரை மணி நேரம்தான் தூக்கம். பயமாக இருக்கிறது. (காட்பாடி)

அந்தச் செய்தியை அழித்துவிடுங்கள் அம்மா. பல நாடுகளில் லட்சக்கணக்கான பேரை வருடக்கணக்கில் கவனித்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், குறைந்த தூக்கத்துக்கும் மொத்தப் புற்றுநோய்க்கும் உறுதியான தொடர்பு தெரியவில்லை. ஆசிய மக்களிடம் செய்த ஆய்வுகளை மட்டும் தனியாகப் பார்த்தபோது கொஞ்சம் தெரிந்தது. அதற்காக ஐந்தரை மணி நேரம் போதும் என்று சொல்லமாட்டேன். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கம் குறைந்தால் பிரஷர், சுகர், உடல் எடை மூன்றும் ஏறப் பார்க்கும். அந்த உடல் பருமன் பல புற்றுநோய்களுக்கு நிச்சயமான காரணம்.

அம்மாவுக்கு 63 வயது. பத்து மணி நேரம் தூங்குகிறார். அதிகத் தூக்கம் குடல் புற்றுநோயைக் கொண்டுவரும் என்கிறார்களே? (குடியாத்தம்)

நல்ல கேள்வி. நீண்ட தூக்கத்தோடு பெருங்குடல் புற்றுநோய் சேர்ந்து வருவதைச் சில ஆய்வுகள் காட்டியது உண்மைதான். ஆனால் எது முன்னால், எது பின்னால்? குடலில் கட்டி இருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியும், ஹீமோகுளோபின் இறங்கும், ஆள் அசந்து அசந்து படுப்பார். அப்போது தூக்கம் நோயைக் கொண்டுவரவில்லை, நோய்தான் தூக்கத்தைக் கொண்டுவருகிறது. தைராய்டு குறைவு, மன அழுத்தம், சில மாத்திரைகளும் இப்படிப் படுக்கவைக்கும். அதனால் நான் கேட்பது ஒன்றுதான்: அம்மா எப்போதுமே இப்படியா, இந்த ஆறு மாதமாகத்தானா? எப்போதுமே என்றால் விடுங்கள். புதிதாக என்றால், அதுவும் எடை குறைவதோ மலத்தில் ரத்தமோ இருந்தால், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

ராணிப்பேட்டையில் கம்பெனி வேலை. மாதத்தில் பாதி நைட் ஷிப்ட். (வாலாஜா)

தம்பி, தூக்கத்தின் அளவைவிட இதில்தான் விஷயம் இருக்கிறது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007-இல் இரவு ஷிப்ட் வேலையை "அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. 2019-இல் மறுபடி ஆராய்ந்தும் அதே இடத்தில்தான் வைத்தது. இருட்டில் சுரக்கும் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் வெளிச்சத்தில் அடங்கிவிடுகிறது, உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் குழம்புகிறது என்பது விளக்கம். ஆனால் 2ஏ என்பது ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. ஆட்டுக்கறியும் அதே பிரிவுதான். நானே பாதி வேலைக்காலத்தை நைட் டியூட்டியில் கழித்தவள். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலில் கனமான போர்வையைத் தொங்கவிட்டு, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுப்பேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

நைட் வேலையில் தூக்கம் வராமலிருக்க பீடி பிடிக்கிறேன், பாக்கும் போடுகிறேன். (பேர்ணாம்பட்டு)

அண்ணே, தூக்கத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம். புகையிலையும் பாக்கும் 2ஏ இல்லை, முதல் பிரிவு, சந்தேகமே இல்லாதவை. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாயைத் திறந்து காட்டுங்கள்.

கத்திரி வெயிலில் தூக்கமே வருவதில்லை. (சத்துவாச்சாரி)

வேலூரில் யாருக்கு வருகிறது! ஒரு மாதக் குறைத் தூக்கத்துக்குப் புற்றுநோய் வராது. மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் படுங்கள்.

மெலடோனின் மாத்திரை சாப்பிட்டால் புற்றுநோய் வராதாமே? (பாகாயம்)

அதற்கு ஆதாரம் இல்லை. காசை மிச்சம் பிடியுங்கள்.