பாதத்து எலும்பு முறிவு: கட்டுப் பிரித்த பிறகும் ஏன் வீங்குகிறது?

கட்டுப் பிரித்து ஒரு மாதம் ஆச்சு. காலையில் நன்றாக இருக்கிற பாதம் சாயங்காலம் வீங்கிவிடுகிறது. எலும்பு கூடவில்லையோ? – கருங்கல்

பெரும்பாலும் கூடியிருக்கும். எலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம், ஆனால் வீக்கம் முழுசாக வடிய மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் கூட ஆகும், நாள் முழுக்க தொங்கப் போட்ட பாதத்தில் நீர் இறங்கத்தான் செய்யும். உட்காரும்போது காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். வீக்கத்தோடு, உடைந்த இடத்தை விரலால் அழுத்தினால் சுள்ளென்று வலி, அதுவும் நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் மட்டும் மறுபடி எக்ஸ்-ரே.

ரப்பர் பால் வெட்டுகிறவன். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறிவு. இதே எலும்பு உடைந்த அண்ணன் ஆறு வாரத்தில் வேலைக்குப் போனார், எனக்கு மூன்று மாதம் என்கிறார்களே? – குலசேகரம்

எலும்பு ஒன்றுதான், உடைந்த இடம் வேறு. பாதத்தின் வெளிப்பக்கம் புடைத்துத் தெரிகிற முனை பெயர்ந்தால் சீக்கிரம் கூடும். அதிலிருந்து கொஞ்சம் முன்னால் முறிந்தால், அங்கே ரத்த ஓட்டம் குறைவு என்பதால், இழுத்தடிக்கும், சிலருக்கு ஸ்க்ரூ போட வேண்டி வரும். அண்ணனைப் பார்த்து அவசரப்படாதீர்கள். மழையில் வழுக்கும் சரிவில் வெட்டுகிற வேலை வேறு, வலியில்லாமல் ஒற்றைக்காலில் நிற்க முடிகிற வரைக்கும் தோட்டத்துப் பக்கம் போகவே வேண்டாம். பீடி இருந்தால் விடுங்கள், புகை எலும்பு கூடுவதைத் தாமதமாக்கும்.

அம்மா வர்ம வைத்தியரிடம் எண்ணெய் போட்டு உழியச் சொல்கிறாள். – தக்கலை

நம்ம ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எலும்பு கூடுவதற்கு முன்னால் உழிந்தால் ஒட்டத் தொடங்கிய முனைகள் விலகிப் போகும். கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, இறுகிப்போன கணுக்காலுக்கு மெதுவாகத் தடவட்டும். அம்மாவிடம் ‘வேண்டாம்’ என்பதைவிட ‘பிறகு’ என்று சொல்லிப் பாருங்கள், எடுபடும்.

மாவுக்கட்டு போட்டு மூன்று நாள். விரல்கள் மரத்து, நீலம் பாய்ந்த மாதிரி இருக்கு. – குளச்சல்

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கட்டு இறுக்கமாக இருக்கலாம். கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், திடீர் மூச்சுத்திணறல் வந்தாலும் இதே பதில்தான்.

நண்டு சூப்பு குடித்தால் சீக்கிரம் கூடுமா? – முட்டம்

குடியுங்கள், ருசியாக இருக்கும். ஆனால் கால்சியத்துக்கு முள்ளோடு தின்கிற நெத்திலிதான் நல்லது.