இரவானால் எரியும் பாதங்கள்

கேள்வி: எனக்கு வயது 52. எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். ஆறு மாதமாக, படுத்ததும் இரண்டு பாதமும் தீயாய் எரிகிறது. ஐஸ் தண்ணீரில் காலை வைத்தால்தான் தூக்கம் வருகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, தேனி

பதில்: முதலில் ஐஸ் தண்ணீரை நிறுத்துங்கள், அம்மா. உணர்ச்சி மங்கிய காலில் அது புண்ணாக்கினாலும் உங்களுக்குத் தெரியாது. வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போடுங்கள், போதும்.

உடம்பிலேயே நீளமானவை பாதத்துக்கு வரும் நரம்புகள். சர்க்கரை முதலில் கெடுப்பது அவற்றைத்தான். உங்கள் விஷயத்தில் இன்னொரு சந்தேகமும் உண்டு. மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுத்தால், உணவிலிருந்து வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது குறையும். சைவம் சாப்பிடுபவர் என்றால் இன்னும் சீக்கிரம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), பி12, தைராய்டு, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பாருங்கள். சத்து ஊசி போடுவதற்கு முன்பே ரத்தம் கொடுங்கள். போட்ட பிறகு பி12 கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். பி12 அளவு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடுதான். பெரும்பாலும் 1000 மைக்ரோகிராம் ஊசி தருவார்கள். எரிச்சல் அடங்க மாதங்கள் ஆகலாம்.

பாராசிட்டமால் இதற்குக் கேட்காது. பிரீகாபாலின், டுலோக்செடின் போன்ற நரம்பு வலி மருந்துகளை மருத்துவர் குறைந்த அளவில் தொடங்குவார். பிரீகாபாலின் மயக்கம் தரும், எனவே இரவில் எழும்போது கவனம்.

ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து சுட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.