கிராஞ்சிக்குப் பிறகு: குதிரைப் பந்தயம் பற்றி வாசகர் கேட்டவை

கேள்வி: இளையர்கள் வராததால்தான் சிங்கப்பூரின் கிராஞ்சி பந்தயத்திடலை மூடினார்களா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: பாதிக் காரணம் அது. 2010இல் பந்தய நாளொன்றுக்குச் சராசரியாக 11,000 பேர் வந்தார்கள். 2019இல் 6,000. கொரோனாவுக்குப் பிறகு 2,600 அளவுதான். 30,000 பேர் கொள்ளும் அரங்கு அது. மறுபாதிக் காரணம் நிலம்: ஏறத்தாழ 120 ஹெக்டர், வீடுகளுக்கு வேண்டியிருக்கிறது. திடலை நடத்திய சிங்கப்பூர்க் குதிரைப் பந்தய மன்றம் 1842இல் தொடங்கியது; ஃபேரர் பார்க்கிலிருந்து 1933இல் புக்கிட் தீமாவுக்கும், 2000இல் கிராஞ்சிக்கும் மாறியது. இந்த முறை மாறிப்போக இடமில்லை. 2024 அக்டோபர் 5 கடைசிப் பந்தயம். முதல் திடல் இருந்த ஃபேரர் பார்க்கை ஒட்டிய தேக்காவில் ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் நிற்கிறது.

கேள்வி: பினாங்கும் மூடிவிட்டது. ஈப்போ, கோலாலம்பூர் திடல்களாவது பிழைக்க இளையர்களை எப்படி வரவழைப்பது? (வாசகி, ஈசூன்)

பதில்: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். 1,200 மீட்டர் ஓட்டம் 70 விநாடி சொச்சத்தில் முடிந்துவிடும். அடுத்த ஓட்டத்துக்கு அரை மணி நேரம். பத்து ஓட்டம் என்றால், ஐந்து மணி நேரத்தில் குதிரை ஓடுவது கால் மணி நேரம்கூட இல்லை! பழைய ரசிகர் அந்த இடைவெளியைப் பந்தயத்தாளோடு கழிப்பார். இளையர் கைப்பேசியை எடுப்பார், மூன்றாவது ஓட்டத்துக்குள் கிளம்பிவிடுவார்.

பாட்டுக் கச்சேரி வைத்தால் கூட்டம் பாட்டுக்கு வரும், பாட்டோடு போய்விடும். இடைவெளியைக் குதிரையால் நிரப்ப வேண்டும். ஓட்டத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும் இடத்தில் ஒருவர் மைக் பிடித்து மூன்றே நிமிடம் பேசட்டும், ஓட்டத்துக்கு ஒரு விஷயம் மட்டும். வலுவான குதிரையின் சேணத்தில் ஏன் ஈயத்தகடு சொருகுகிறார்கள்? கண்ணுக்கு ஏன் மறைப்பு? ஓடி வந்த குதிரைமேல் ஏன் நிறுத்தாமல் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? (மேலே விழுந்த நீர் உடல் சூட்டை வாங்கி நொடியில் வெதுவெதுப்பாகிவிடும், அதனால்தான் அடுத்த வாளி உடனே வேண்டும்.) விடிகாலைப் பயிற்சியைப் பார்க்கப் பதினைந்து பேர் கொண்ட குழுக்களை அழைப்பதும் நல்லது. அங்கே பந்தயப் பணம் கட்டும் பேச்சே இல்லை.

அடுத்தது பங்குரிமை. பத்திருபது பேர் சேர்ந்து ஒரு குதிரையை வைத்துக்கொள்வது. பெரும்பாலும் இது உடைவது காயத்தால். குதிரை மாதக்கணக்கில் ஓடாது. தீவனம், பயிற்சியாளர் கட்டணம், நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம், எதுவும் நிற்காது. இரண்டு பேர் விலகினால் மற்றவர்கள் தலையில் விழும். ஆகவே ஆறு மாதச் செலவை முன்பணமாக வாங்கிவிட வேண்டும். விலகுவோரின் பங்கு யாருக்குப் போகும் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

இன்னொன்று, ஓய்வு பெற்ற குதிரை என்ன ஆகிறது என்பதைத்தான் இன்றைய இளையர் முதலில் கேட்கிறார். ஏழெட்டு வயதில் ஓட்டத்தை நிறுத்தும் குதிரை இருபத்தைந்து வயதுவரை வாழும். அதற்கான பணத்தை ஒவ்வொரு பரிசுத்தொகையிலிருந்தும் பிடித்து, கணக்கைத் திடல் வாசலிலேயே ஒட்டுங்கள்.

கேள்வி: மகனை முதன்முறையாக ஈப்போ திடலுக்குப் பந்தயம் பார்க்க அழைத்துப் போகிறேன். எதைப் பார்க்கச் சொல்லட்டும்? (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: ஓட்டத்துக்கு முன் குதிரை நடக்கும் நடையை. முன்னங்கால் பதித்த தடத்தைப் பின்னங்கால் தாண்டி மிதிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தாண்டினால் உடல் இறுக்கமில்லாமல் இருக்கிறது. பின்தொடைகளுக்கு நடுவே வெள்ளை நுரை கட்டியிருந்தால், ஓடுமுன்பே பதற்றத்தில் சக்தியை இழக்கிறது.