வாய்ப்பாட்டைப் படமாகக் காட்டிச் சொல்லித்தருவது எப்படி?

பெருக்கலை வரிசை வரிசையான கட்டங்களாக வரைந்து காட்டுவதுதான் இது. கணக்கு நோட்டில் 7 வரிசை, வரிசைக்கு 8 கட்டம் என்று வண்ணமடித்தால் அது 7 × 8.

பெருக்கல் என்பது ஒரே அளவுள்ள கூட்டங்களைச் சேர்த்து எண்ணுவது. ‘ஏழெட்டு ஐம்பத்தாறு’ என்று வாய் சொன்னாலும், அந்த 56 எங்கிருந்து வந்தது என்று பிள்ளைக்குத் தெரியாது. படத்தில் தெரியும். ஒவ்வொரு வரிசையிலும் முதல் 5 கட்டத்துக்கு மஞ்சள், மீதி 3-க்குப் பச்சை அடிக்கச் சொல்லுங்கள். மஞ்சள் 35, பச்சை 21, சேர்த்தால் 56. விடை மறந்தாலும் இப்படி மீட்டுக்கொள்ளலாம்.

வீட்டிலேயே ஒரு நல்ல கருவி இருக்கிறது: 30 முட்டை வைக்கும் அட்டை. 5 வரிசை, வரிசைக்கு 6 குழி. புளியங்கொட்டை போட்டு எண்ணட்டும். அப்புறம் அட்டையைப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள். இப்போது 6 வரிசை, 5 குழி. கொட்டை அதே 30! இதைப் பிள்ளையே தன் கையால் செய்ய வேண்டும், நாம் செய்து காட்டக் கூடாது. 5 × 6-ம் 6 × 5-ம் ஒன்றுதான் என்பது பிடிபட்டால், பத்தாம் வாய்ப்பாடு வரையுள்ள 100 பெருக்கல்களில் தனியாகப் படிக்க வேண்டியவை 55 தான்.

படம் இருந்தால் மனப்பாடமே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, புரிந்த பிறகு தினமும் சொல்லிப் பார்க்கத்தான் வேண்டும்.